அடகு நகையும் அறிவுக் கருவூலமும்
(நூல் தொகுத்த அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கை)

பொருள் சேர்ப்பது மனிதர்க்கு இயல்பு. பொன் சேர்ப்பார் சிலர். நிலம் சேர்ப்பார் சிலர். பழங்காசுகளையும் தபால் தலைகளையும் தேடிச் சேர்த்து மகிழ்வார் வேறு சிலர். செல்வர் வீட்டுப் பிள்ளைக்குச் சேகரிப்பு ஒரு பொழுதுபோக்கு. இல்லாதவர் வீட்டுப் பிள்ளைக்கு அஃது அப்படியன்று. பிறர் பயன்படுத்திக் கழித்ததையே தனக்கெனப் பெற்று வளர்ந்தவன், தன் கைக்கு வந்து சேரும் ஒவ்வொரு பொருளுக்குப் பின்னும் யாரோ ஒருவருடைய வியர்வை இருப்பதை அறிவான். ஆதலின் அவன் சேர்ப்பது குறைவாயினும் அதைப் பேணும் முறை வேறாக இருக்கும்.

கரிசல் காட்டில் பிறந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள நம் ஊர்கள் வானம் பார்த்த பூமியில் அமைந்தவை. மழை பொய்த்தால் பருத்தியும் இல்லை. கம்பும் சோளமும் இல்லை. அண்ணன் உடுத்திய சட்டை தம்பிக்கு வரும். மேல்வகுப்பு மாணவன் படித்து முடித்த புத்தகம் பாதி விலைக்குக் கீழ்வகுப்பு மாணவனிடம் வரும். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் தாய்மார் ஈட்டிய கூலியில் வாங்கிய நோட்டுப் புத்தகங்களைக் கொண்டு படித்தவர் நம்மிடையே பலர். இத்தகைய வாழ்க்கையிலிருந்து எத்தகைய மனிதன் உருவாக முடியும் என்பதை அறிய விரும்பும் இளைஞர்கள் அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையை ஒரு புதிய கோணத்தில் நோக்குதல் நலம். அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவர் என்றும், வட்டமேசை மாநாட்டில் முழங்கியவர் என்றும் அவரை நாம் அறிவோம். நூல்களைத் தேடித் தேடித் தொகுத்தவர் என்ற வகையில் அவரை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

சாக்கில் அமர்ந்த சிறுவன்

பீமராவ் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவிலுள்ள மௌ என்னும் இராணுவக் குடியிருப்பில் பிறந்தார். இராம்ஜி சக்பாலுக்கும் பீமாபாய்க்கும் அவர் பதினான்காவது குழந்தை. குடும்பத்தின் சொந்த ஊர் இரத்தினகிரி மாவட்டத்து அம்பாவடே. பாட்டனார் மாலோஜி இராணுவத்தில் பணி செய்தவர். தந்தையார் இராம்ஜி சுபேதார் நிலைக்கு உயர்ந்து, இராணுவப் பள்ளியில் பல்லாண்டு ஆசிரியராக விளங்கியவர். கல்வியின் அருமையைத் தாமே சுவைத்தறிந்தவர் அவர். ஆயினும் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் சிறு ஓய்வூதியத்தைக் கொண்டே பெரிய குடும்பத்தைத் தாங்க வேண்டியவரானார்.

குடும்பம் தபோலிக்கும் பின்னர் சதாராவுக்கும் இடம் பெயர்ந்தது. சதாராவில் பீமராவ் சிறு குழந்தையாக இருந்தபோதே தாயார் மறைந்தார். உடல் கூனிய அத்தை மீராபாய் பிள்ளைகளை வளர்த்தார். பள்ளியில் மற்ற மாணவர்க்குரிய இடத்தில் பீமராவ் அமர இயலாது. வீட்டிலிருந்து ஒரு சாக்குத் துணியைக் கொண்டுசென்று, வகுப்பில் தனியே ஒரு மூலையில் விரித்து அமர வேண்டும். பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் ஏவலாளும் அதனைத் தொடமாட்டார். ஆதலின் மாலையில் அதனைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துச் சென்று, மறுநாள் மீண்டும் கொண்டுவர வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தாமே திறக்கலாகாது. ஏவலாள் வந்து திறந்தால் நீர் உண்டு. அவர் வராத நாளில் நீர் இல்லை. முடி திருத்துவோர் இச்சிறுவர்களுக்கு முடி வெட்ட மறுத்தமையால், தமக்கையே வீட்டு வாயிலில் அமர்த்தி அப்பணியைச் செய்தார்.

மிளகாயும் பருத்தியும் அடைத்துக் காலியான சாக்கின் பயன் நம் ஊராருக்கு நன்கு தெரியும். உலகப் புகழ்பெற்ற அறிஞர் ஒருவர் பள்ளிக்கூடத்தில் தமக்கென வைத்திருந்த உடைமையும் அத்தகையதொரு சாக்கே. பள்ளிக்குச் சொந்தமான பலகை பிறர்க்கு உரியதாயிருந்தது. அவர்க்குரியது அவர் சுமந்து சென்றது மட்டுமே. தனக்கென ஓர் இடமும் ஒரு பொருளும் வேண்டும் என்னும் வேட்கை அச்சிறுவன் உள்ளத்தில் வேரூன்றியதற்கு இந்நிகழ்ச்சி ஒரு காரணமாயிருந்திருக்கும் எனக் கருதுவது பிழையாகாது.

ஓர் அறை, ஓர் ஆடு, ஒரு விளக்கு

பின்னர்க் குடும்பம் பம்பாய்க்குக் குடியேறியது. ஆலைத் தொழிலாளர் நிறைந்து வாழும் பரேல் பகுதியில், டபக் சால் என்னும் வரிசைக் குடியிருப்பில் ஓர் அறை கிடைத்தது. அதுவே சமையலறை, அதுவே படுக்கையறை, அதுவே படிப்பறை. ஒரு புறம் பாத்திரங்களும் விறகும்; மற்றொரு புறம் திரிகைக்கல்; அருகே கட்டப்பட்டிருந்தது ஓர் ஆடு. இந்நெருக்கத்தில் பகலிற் படிப்பது இயலாத செயல். இராம்ஜி அதற்கொரு வழி கண்டார். மாலையிலேயே மகனை உறங்கச் செய்வார். தாம் இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து, பின் மகனை எழுப்பிவிட்டு அவ்விடத்திலேயே தாம் படுத்துக்கொள்வார். மண்ணெண்ணெய் விளக்கின் சிற்றொளியில் மகன் விடியும்வரை படிப்பான். இருவர் ஒரே நேரத்தில் நீட்டிப் படுக்கவும் இடமில்லாத அறையிலிருந்தே பின்னாளில் ஆசியாவின் பெருந்தனிநூலகங்களுள் ஒன்று முளைத்தது.

பீமராவ் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். பாட நூல்களோடு நிறைவுறாமல் கைக்கு அகப்பட்ட நூல்களையெல்லாம் படிக்கும் வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது. நூல்களைப் படிப்பது மட்டுமன்றி அவற்றைத் தமக்கெனச் சொந்தமாக வைத்துக்கொள்ளவும் விரும்பினார். பாடத்தை விட்டுப் பிற நூல்களில் மகன் மூழ்குவதைத் தந்தை முழுமனத்தோடு ஏற்கவில்லை. எனினும் அவன் கேட்ட நூலை இல்லையென்று மறுக்கவும் அவரால் இயலவில்லை.

கையில் பணம் இல்லாத நாளில் இராம்ஜி என்ன செய்தார் தெரியுமா? மணமாகி அதே நகரில் வாழ்ந்துவந்த தம் மகள்மாரிடம் செல்வார். ஒருவரிடம் சில ரூபாய் கடன் கேட்பார். அவரிடம் இல்லையெனில் மற்றவரிடம் செல்வார். அவரிடமும் பணம் இல்லையெனில், திருமணத்தின்போது தாம் அளித்த நகையொன்றை இரவலாகப் பெற்று, மார்வாரி கடையில் அடகு வைப்பார். அப்பணத்தில் நூல் வாங்கி மகனிடம் கொடுப்பார். மாதப் பிறப்பில் ஓய்வூதியம் வந்ததும் நகையை மீட்டு மகளிடம் சேர்ப்பிப்பார்.

இளைஞர்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்நகை மணநாளில் புதிதாயிருந்தது. பின் இரவற் பொருளாயிற்று. பின் அடகுப் பொருளாயிற்று. ஒரு நூலாக உருமாறிப் பீமராவின் கைக்கு வந்தது. அந்நூலை அவர் எவ்வாறு போற்றியிருப்பார்! மடித்துக் கசக்கவும் மனம் வருமோ? யாரிடமேனும் கொடுத்து மறந்துவிடவும் மனம் ஒப்புமோ? தம் நூல்களைப் பிறர்க்கு இரவல் தருவதில் அம்பேத்கர் மிகவும் தயங்குவார் என்று அவரோடு பழகியோர் கூறுவர். இதனைக் கருமித்தனம் என்று கருதுவோர் அவருடைய இளமையை அறியாதோர். அக்காமார் கழுத்தும் கையும் வெறுமையாயிருந்த நாட்களை அவர் மறக்கவில்லை என்பதே அதன் பொருள்.

இக்குடும்பம் கொடுத்த விலை நகையோடும் முடியவில்லை. இரு பிள்ளைகளையும் படிக்க வைக்கும் வசதி இல்லாமையால், மூத்தவரான ஆனந்தராவ் படிப்பை நிறுத்தி வேலைக்குச் சென்றார். ஒருவர் படிக்க மற்றொருவர் தம் படிப்பைத் துறப்பது நம் குடும்பங்களில் இன்றும் நடப்பதே. படித்து உயர்ந்தோர் அதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பூங்காவிற் கிடைத்த பரிசு

பள்ளி முடிந்தபின் பீமராவ் சர்னி ரோடு தோட்டத்திற்குச் சென்று தனியே அமர்ந்து படிப்பது வழக்கம். அங்கே நாள்தோறும் வரும் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்னும் பள்ளியாசிரியர், ஒதுங்கியிருந்து படிக்கும் இச்சிறுவனைக் கண்டு பேச்சுக் கொடுத்தார். அவர் எழுத்தாளரும் ஆவார். தம்மிடமிருந்த நூல்களைக் கொடுத்துப் படிக்கச் செய்தார். 1907இல் பீமராவ் மெட்ரிகுலேஷன் தேறியபோது நடைபெற்ற பாராட்டுக் கூட்டத்தில், தாம் மராத்தியில் இயற்றிய புத்தர் வரலாற்றைப் பரிசாக அளித்தார். சமுதாயத்திற்குப் புதிய வழி காட்டப் போகும் இளைஞனின் கையில் ஒரு நூல் எத்தகைய விதையாக விழுந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

கேலுஸ்கரின் முயற்சியால் பரோடா மன்னர் சாயாஜிராவ் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை வழங்கினார். பீமராவ் எல்பின்ஸ்டன் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றார். 1913 பிப்ரவரியில் தந்தையார் இராம்ஜி காலமானார். மகன் எந்த உயரத்தை எட்டுவான் என்பதைக் காணாமலே, கடனும் அடகுமாக அவனைக் கற்பித்த அப்பெருமகன் கண் மூடினார்.

பழைய புத்தகக் கடைகள்

அதே ஆண்டில் பரோடா மன்னரின் உதவியோடு அம்பேத்கர் நியூயார்க் நகரை அடைந்து கொலம்பியா பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். மாதம் பதினொன்றரைப் பவுன் உதவித்தொகை. அதில் ஒரு பகுதி ஊரிலிருந்த மனைவி இரமாபாய்க்கும் குடும்பத்திற்கும் செல்ல வேண்டும். மீதியில் உணவும் உடையும் உறையுளும். நாடக அரங்குகளும் உணவு விடுதிகளும் நிறைந்த அப்பெருநகரில் அவரைக் கவர்ந்தவை பழைய புத்தகக் கடைகளே.

பழைய புத்தகக் கடை என்பது ஏழை மாணவனுக்குக் கிடைத்த பெரும்பேறு. செல்வர் ஒருவர் விலை கொடுத்து வாங்கி, அட்டையும் கசங்காமல் அலமாரியில் வைத்து, அவர் மறைந்தபின் மக்கள் எடைபோட்டு விற்ற நூல் அங்கே கிடக்கும். அச்சில் இல்லாத அறிக்கைகளும் ஆராய்ச்சிகளும் அங்கே கிடைக்கும். புதிய நூலின் விலையில் ஒரு சிறு பகுதிக்கு அவற்றை வாங்கலாம். ஆயின் எது பொன், எது பதர் என்று பிரித்தறியும் கண் வேண்டும். பிறர் கழித்தவற்றினுள் பயனுள்ளதைக் கண்டெடுக்கும் கண்ணை வறுமை அவர்க்கு முன்பே கொடுத்திருந்தது. உணவைச் சுருக்கி, கிடைத்த ஓய்வு நேரத்தையெல்லாம் அக்கடைகளிற் செலவிட்டார். மூன்றாண்டுகளில் அவர் சேர்த்த பழைய நூல்கள் ஏறத்தாழ 2,000.

1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1916இல் இந்தியாவிற் சாதிகள் எவ்வாறு தோன்றின என்பது குறித்து ஆய்வுரை படித்தார். அவ்வாண்டே இலண்டனுக்குப் புறப்பட்டபோது தம் நூல்களை இந்தியாவுக்குக் கொண்டு சேர்க்குமாறு ஒரு நண்பரிடம் ஒப்படைத்தார். அவற்றுட் சிலவே அவர் கைக்கு மீண்டும் வந்தன.

துன்பம் அதனோடு நிற்கவில்லை. இலண்டனில் பொருளாதாரமும் சட்டமும் பயிலத் தொடங்கிய சில மாதங்களில் உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் தாயகம் திரும்பினார். அது முதல் உலகப் போர் நடந்த காலம். அவர் ஒரு கப்பலில் வந்தார். அவருடைய நூல்களும் உடைமைகளும் வேறொரு கப்பலில் வந்தன. அக்கப்பலை எதிரியின் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. இழப்பீடாக 600 ரூபாய் கிடைத்தது. அதிற் ஒரு பகுதியை வீட்டுச் செலவுக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சியதை வழிச்செலவாகக் கொண்டு, உதவித்தொகைக்கு ஈடான பணியை ஏற்கப் பரோடா சென்றார். பசியிருந்து சேர்த்த நூல்களின் விலை இரயில் கட்டணமாயிற்று.

உடைந்த நாற்காலிகளின் நடுவே

பரோடாவில் மன்னர் அலுவலகத்தில் உயர்ந்த பதவி. ஆனால் ஏவலாளர் கோப்புகளைத் தொலைவிலிருந்து மேசைமேல் எறிந்தனர். தங்குவதற்கு வீடு தருவார் இல்லை. ஒரு பார்சி விடுதியில், பார்சிப் பெயரொன்றைப் பதிவேட்டில் எழுதி மாடியில் இடம் பெற்றார். அம்மாடிக் கூடம் பலகைகளும் பெஞ்சுகளும் உடைந்த நாற்காலிகளும் குவிந்துகிடந்த இடம். பகலிலும் இருள், வௌவால்கள் பறக்கும். இரவில் சிறிய அரிக்கேன் விளக்கொன்று மட்டும் வரும். அவ்விளக்கருகே நூலைத் திறந்து வைத்துக்கொண்டு தனிமையை மறந்தார். பதினோராம் நாள் காலையில் தடியேந்திய கூட்டமொன்று வந்து அவரை வெளியேற்றியது. அன்று முழுவதும் தங்க இடம் கிடைக்காமல், பூங்காவில் மரத்தடியில் அமர்ந்திருந்து, இரவு இரயிலில் பம்பாய் திரும்பினார்.

கழித்துப் போட்ட மரச்சாமான்களோடு மனிதனையும் கழித்துப் போட்ட சமுதாயம் அது. இரு கண்டங்களின் பல்கலைக்கழகங்களிற் பயின்றும் அவர்க்கு அவ்விடமே கிடைத்தது. பட்டம் மட்டும் விடுதலை தராது என்பதைப் பரோடா அவர்க்குக் கற்பித்தது. ஆயினும் அவர் படிப்பைக் கைவிடவில்லை. 1918இல் சிடன்ஹாம் கல்லூரியிற் பேராசிரியராகி, பரேலில் இரு சிறு அறைகளில் குடும்பத்தோடு சிக்கனமாக வாழ்ந்து பணம் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். நவல் பதேனா என்னும் பார்சி நண்பர் 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். ஒரு பார்சி விடுதி துரத்தியது. ஒரு பார்சி நண்பர் தாங்கினார். சமுதாயத்தைச் சினந்தவர் தனிமனிதர் நன்றியை மறந்தாரல்லர்.

1920இல் மீண்டும் இலண்டன். காலையில் பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தின் கதவு திறக்கும்போது உள்ளே செல்வார். மாலையில் மூடும்போது வெளியே வருவார். காலையில் ஒரு துண்டு ரொட்டியும் தேநீரும். இரவில் சிறிது பிஸ்கட்டும் ஊரிலிருந்து வந்த அப்பளமும். 1921இல் எம்.எஸ்சி., 1923இல் டி.எஸ்சி. பட்டங்களும் பாரிஸ்டர் தகுதியும் பெற்றார். ரூபாயின் சிக்கல் குறித்த அவருடைய நூல் 1923இல் இலண்டனில் வெளிவந்தது.

நூல்களுக்காக ஒரு வீடு

நாடு திரும்பியபின் அவர் வழக்கறிஞராகவும் பேராசிரியராகவும் பணியாற்றினார். 1924இல் அவர் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் திட்டத்தில் மாணவர் விடுதிகளோடு நூலகங்களும் படிப்பகங்களும் இடம்பெற்றன. தாம் பெற்ற இன்பத்தைத் தம் மக்களும் பெற வேண்டுமென அவர் விழைந்ததற்கு இது சான்று.

1927 டிசம்பர் 25ஆம் நாள் மகாத் நகரில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. நூல்களை உயிரெனப் போற்றியவர் நூலெரிப்புக்குத் தலைமை தாங்கியது முரணன்றோ என்று வினவுவார் உளர். மகாத்தில் எரிந்தது, பிறப்பால் மனிதரைத் தாழ்த்தும் கட்டளை. ஆனால் அந்நூலைப் படிக்க வேண்டாமென்று அவர் எவரையும் தடுத்ததில்லை. தாமே அதனை வரிக்கு வரி ஆராய்ந்து, பின்னாளில் எழுதிய ஆய்வுகளில் அதன் விதிகளை எடுத்துக்காட்டி வாதிட்டார். பள்ளியில் வடமொழி பயில அனுமதி மறுக்கப்பட்டுப் பாரசீகம் பயில நேர்ந்தவர், முதிர்ந்த வயதில் தம் முயற்சியால் வடமொழி கற்றதும் இதற்காகவே. எதிரியின் நூலையும் தம் அலமாரியில் வைத்திருப்பவனே அதற்கு மறுமொழி கூற வல்லவன்.

நூல்கள் பெருகப் பெருகப் பரேலின் இரு அறைகள் போதவில்லை. தாதரில் இந்துக் காலனியில் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். நூலகத்திற்கு எத்தனை இடம் வேண்டும் என்று முதலிற் கணக்கிட்டு, பின்னரே குடும்பத்தார் வாழும் பகுதியை வகுத்தார். 1933 அளவில் அவ்வீடு நிறைவெய்தியது. பழைய மகத நாட்டின் தலைநகராகிய இராஜகிருகத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார். மேல்மாடி நூல்களுக்கு, கீழ்ப்பகுதி குடும்பத்திற்கு. வட்டமேசை மாநாடுகளுக்காக இலண்டன் சென்றபோதும் பழைய புத்தகக் கடைகளை நாடிச் சென்று பெட்டி பெட்டியாக நூல்களோடு திரும்பினார். அவருடைய தொகுப்பு 50,000 நூல்களைக் கடந்தது என்பர். நல்ல எழுதுகோல்களைச் சேர்ப்பதிலும் அவர்க்கு விருப்பம் மிகுதி.

ஆயின் இப்பெருமையின் நிழலையும் மறைத்தல் ஆகாது. நூல் வாங்கிய பணம் குடும்பச் செலவைச் சுருக்கி வந்த பணம். வறட்சியோடு போராடி வீட்டை நடத்தியவர் இரமாபாய். பெற்ற பிள்ளைகளுள் நால்வரை இழந்த தாய் அவர். புதிய வீட்டில் நெடுநாள் வாழ அவர்க்குக் கொடுத்துவைக்கவில்லை. 1935 மே 27ஆம் நாள் அவர் மறைந்தார். தமக்கையர் நகையும், தமையனார் படிப்பும், மனைவியின் வாழ்நாளும் அந்நூலகத்தின் அடித்தளத்தில் உள்ளன. தனியொருவர் உழைப்பால் மட்டும் எழுந்த கட்டடமன்று அது.

தொகுத்ததன் பயன்

சேர்த்துப் பூட்டி வைப்பவன் சேகரிப்பாளன் ஆகான், காவற்காரனே ஆவான். அம்பேத்கர் சேர்த்த நூல் ஒவ்வொன்றும் அவர் கையில் ஒரு சான்றாயிற்று. தீண்டாமையைப் பற்றி வாதிடும்போது மக்கட்கணக்கு அறிக்கைகளைக் காட்டினார். நாணய முறை பற்றிய அரசுக் குழுவின்முன் பொருளாதார நூல்களின் துணையோடு சாட்சியம் அளித்தார். அரசியல் சட்டத்தை வரைந்த காலத்தில் பல நாடுகளின் சட்டங்களை ஒப்பிட்டு விளக்கினார். நம் மக்களை இழிவுபடுத்தியோர் ஏட்டைக் காட்டியே இழிவுபடுத்தினர். அவரும் ஏட்டைக் காட்டியே அவர்களுக்கு மறுமொழி தந்தார்.

1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியும், 1950இல் ஔரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரிக்கு மூலமான கல்லூரியும் தோன்றின. யாருக்கும் எளிதில் இரவல் தராத அந்நூல்களிற் பெரும்பகுதி இறுதியிற் சித்தார்த்தா கல்லூரி நூலகத்திற்குச் சென்று மாணவர் உடைமையாயிற்று. ஒருவரிடம் கொடுத்தால் தொலைந்துபோகும். நிறுவனத்திடம் கொடுத்தால் தலைமுறை தலைமுறையாகப் பயன்படும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6ஆம் நாள் தில்லியில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். முந்திய இரவு வரை அவர் கவனத்திலிருந்தது 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் தம் நூலின் முன்னுரை. அந்நூல் 1957இல் வெளிவந்தது. 1907இல் பாராட்டுக் கூட்டத்தில் ஒரு புத்தர் வரலாற்றைப் பரிசாகப் பெற்ற மாணவர், சரியாக ஐம்பது ஆண்டுகளில் தாமே ஒரு புத்தர் வரலாற்றை உலகுக்கு விட்டுச் சென்றார். ஓர் ஏழைச் சிறுவன் கையில் கொடுக்கப்படும் நூல் எங்கே சென்று முடியும் என்பதைக் கொடுப்பவரும் அறியார், பெறுபவரும் அறியார்.

நாம் செய்ய வேண்டுவது

அண்ணல் மறைந்தபின் அவருடைய தாள்களும் கையெழுத்துப் படிகளும் வழக்கிலும் பூட்டிய அறைகளிலும் நெடுங்காலம் கிடந்தன. தில்லி வீட்டிலிருந்த தாள்களிற் சில வெளியே போடப்பட்டு மழையில் நனைந்து அழிந்த செய்தியை, அவருடைய உதவியாளராயிருந்த நானக்சந்த் ரத்து வேதனையோடு பதிவு செய்துள்ளார். எஞ்சியவற்றைத் தேடித் திரட்டும் பணியில் வசந்த் மூன் என்பவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அதன் பயனாக 1979 முதல் மகாராஷ்டிர அரசு அவருடைய எழுத்துகளையும் பேச்சுகளையும் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. அவை தமிழிலும் 37 தொகுதிகளாகக் கிடைக்கின்றன. தொகுத்தவரின் தாள்களையே காப்பாற்றத் தவறிய சமுதாயம், மற்றொரு தொகுப்பாளரின் உழைப்பால் எஞ்சியதைப் பெற்றது.

இஃது எங்கோ தில்லியில் நடந்தது என்று நாம் ஒதுங்கலாகாது. பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கும்போது பரணிற் கிடக்கும் தகரப் பெட்டியை இறக்குகிறோம். அதிலுள்ள பழைய தாள்களைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுகிறோம். முன்னாளில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் பெற்றதுபோல, நம் வரலாற்றைக் கொடுத்து நாலு காசு பெறுகிறோம். அப்பெட்டியில் இருப்பவை யாவை? பாட்டனார் கொடுத்த மனுவின் படி, தீர்வை கட்டிய இரசீது, பள்ளிச் சான்றிதழ், இராணுவத்திலிருந்து விடுவித்த ஆணை, சங்கக் கூட்டத்து நோட்டீசு. 1892இல் ஆங்கில அரசு ஆணையிட்டு, பின்னர் நம் மக்களுக்கென வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பல இடங்களிற் பிறர் கைக்கு மாறிவிட்டன. அவற்றை மீட்க வழக்காடுவோரிடம் முதலிற் கேட்கப்படுவது ஆவணம். ஒரு பழந்தாள் இருந்தால் ஒரு குடும்பத்திற்கு நிலம் உண்டு. அது எடைக்குப் போயிருந்தால் நிலமும் போயிற்று.

ஆதலின் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் நம் இளைஞர்கள் மூன்று செயல்களை மேற்கொள்ள வேண்டுகிறோம். ஒவ்வொரு வீட்டுத் தகரப் பெட்டியையும் பெரியவர்களோடு உடனிருந்து திறந்து பார்த்து, ஆவணங்களைப் பிரித்தெடுத்துப் படி எடுத்து, மூலத்தை உரியவரிடமே பத்திரமாக இருக்கச் செய்யுங்கள். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் உங்கள் பாட நூல்களை எடைக்குப் போடாமல், கிழிந்தவற்றை ஒட்டித் தைத்து, அடுத்து வரும் தம்பி தங்கையர்க்காகச் சங்கத்தில் சேர்ப்பியுங்கள். முதியோர் நினைவில் உள்ள ஊர் வரலாற்றை, யார் எப்போது பள்ளிக்குச் சென்றார், யார் முதலில் பத்தாம் வகுப்புத் தேறினார் என்பதை, பெயரும் ஆண்டும் தவறாது ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இவற்றுக்குப் பெரும் பொருள் தேவையில்லை. ஓர் அலமாரியும், பூட்டும், கறையான் அணுகாமல் மாதம் ஒருமுறை தட்டித் துடைக்கும் ஒருவர் கையும் போதும்.

இராஜகிருகத்தின் 50,000 நூல்களும் ஒரே நாளில் வந்தவையல்ல. ஒரு நகையை அடகு வைத்து வாங்கிய ஒரு நூலிலிருந்து அத்தொகுப்பு தொடங்கியது. நம் அலமாரியும் ஒரு நூலிலிருந்து, ஒரு தாளிலிருந்து தொடங்கலாம். கரிசல் மண் நீரைத் தன்னுள் நெடுநாள் தேக்கி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. அதனாலன்றோ பெய்த சிறு மழையைக் கொண்டு நம்மவர் பருத்தி விளைவிக்கின்றனர்! அம்மண்ணின் மக்களாகிய நாமும் கிடைத்ததைச் சிந்தாமற் காத்து, வரும் தலைமுறைக்கு விளைவாக்கித் தருவோமாக.